இரண்டு தட்டு

பேய்ப் படத்துக்கு இசை போடுகிறவனுக்குப் பயமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெப்சனுக்கு இருட்டில் பாத்ரூம் போகவே பயம். ஆனால் அடுத்தவனைப் பயமுறுத்துவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வயலின், புல்லாங்குழல் எல்லாம் அவனுக்கு ஆகாது. லேத் பட்டறை, லிஃப்ட் கயிறு, தண்ணீர் மோட்டார் என்று எதன் சத்தத்தையாவது பிடித்து வந்து, கம்ப்யூட்டரில் போட்டு இழுத்து, நசுக்கி, அடியில் ஒரு எலக்ட்ரானிக் உறுமலை ஓட விடுவான். கேட்கிறவன் எழுந்து விளக்கைப் போட்டுக்கொள்வான். ஏற்காட்டு வாத்தியார் பாக்கியநாதன் மகன் சென்னைக்குப் போய் இரும்பைத் தட்டிப் பிழைக்கிறானாம் என்று சர்ச் வாசலில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

ஆகஸ்ட் மாதம் அவனுடைய புதுப் படத்தின் டீசர் வந்தது. மொத்தம் ஐம்பது நொடி. அதில் பேய் வராது, மூடிய கதவு ஒன்றைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் இசை பார்த்துக்கொண்டது. கனமாக மூன்று அடி. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு மெலிதாக இரண்டு அடி. அதற்கும் பிறகு கீழேயிருந்து ஓர் உறுமல் எழும்பி வரும். பத்தே நாளில் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. காலேஜ் பிள்ளைகள் பஸ் கம்பியில் அதைத் தட்டினார்கள், ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள். டைரக்டர் ஜெப்சனைக் கட்டிப் பிடித்து, "படமே இந்த அஞ்சு அடியிலதான்யா நிக்குது" என்றார். பன்னிரண்டு வருஷம் நாய் படாத பாடு பட்டவன், அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினான்.

பதினோராம் நாள் காலையில் குழந்தைவேல் போன் செய்தார்.

ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் மெஷின் ஆபரேட்டர் அவர். பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பரும், கொட்டையைக் காய வைக்கும் டிரம்மும் அவர் பொறுப்பு. டிரம் என்றால் ஏதோ தண்ணீர் டிரம் இல்லை. ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், அத்தனை பெரிய இரும்பு உருளை. சுவிட்சைப் போட்டால் படுத்தவாக்கில் சுழலும். ஜனவரியில் ஜெப்சன் அங்கே போனது அந்த டிரம்முக்காகத்தான். காற்றில் வரும் சத்தம் அவனுக்கு வேண்டாம், இரும்புக்குள்ளே ஓடுகிற சத்தம் வேண்டும். அதற்கென்று ஒரு மைக் இருக்கிறது, டாக்டர் நெஞ்சில் வைப்பது போல இரும்பின் மேல் ஒட்டிவிட வேண்டும். ஒட்டி, ரெக்கார்டரையும் டிரம்மிலேயே கட்டி ஓட விட்டு, அம்மா கையால் சாப்பிட ஏற்காட்டுக்குப் போய்விட்டான்.

அன்று பிற்பகல், டிரம்முக்குள் இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்த எஸ்டேட் தொழிலாளி ஐயாக்கண்ணு, மெஷின் ஓடியதில் செத்துப்போனான்.

மறுநாள்தான் ஜெப்சன் ரெக்கார்டரை எடுக்கப் போனான். பேட்டரி மத்தியானத்தோடு தீர்ந்திருக்கும், சாவு அதற்குப் பிறகு நடந்தது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். நேரத்தைச் சரி பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். சென்னையில் அந்த ஒலியை ஓட விட்டபோது ஒரே ஒரு துண்டு அவனைச் சட்டென்று பிடித்து இழுத்தது. மெஷின் தானாகப் போட்ட தாளம் என்று நினைத்தான்.

"ஏனுங்க தம்பி, நல்லாருக்கீங்களா?" என்றார் குழந்தைவேல். "ஒரு ஒத்தாசை பண்ணோணும். அன்னிக்கு உங்க ரெக்கார்டு மிசினு ஓடிட்டுத்தான இருந்துச்சு? அதுல நான் தட்டுனது இருக்குதான்னு பாத்துச் சொல்லோணுமுங்க."

"எதைத் தட்டுனீங்கண்ணா?"

அவர் விளக்கினார். டிரம்மின் கதவு சுவர்ப் பக்கம், சுவிட்ச் எதிர்ப் பக்கம். உள்ளே ஆள் இருந்தால் இங்கிருந்து தெரியாது. அதனால் சுவிட்சைப் போடுமுன் ஸ்பேனரை எடுத்து டிரம்மில் மூன்று தட்டு தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு இரண்டு தட்டுவான். பதில் வராவிட்டால் போடலாம். அந்த எஸ்டேட்டில் டிரம் வந்த நாளிலிருந்து இதுதான் முறை.

"நான் தட்டுனேன் தம்பி. எம் புள்ளைக மேல சத்தியமாத் தட்டுனேன். பதில் வரலீங்க. ஆனா லைன் ஊடுகள்ல ஒருத்தரும் நம்பறதில்ல. தட்டாமயே போட்டு ஆளக் கொன்னுட்டான்கறாங்க. ஐயாக்கண்ணு சம்சாரம் முத்தாயி இருக்குதே, அண்ணா அண்ணான்னு வாய் நிறையக் கூப்புட்ட புள்ள, ஏழு மாசமா என்னையக் கண்டா கதவச் சாத்திக்குது. நொம்ப வேதனைங்க தம்பி. அந்த டிரம்மு பியூஸ அன்னிக்குப் புடுங்குனவன், இன்னும் சட்டப் பையிலதான் வெச்சிட்டுத் திரியறேன். கீழ வெக்க மனசு வரலீங்க."

மூன்று. பிறகு இரண்டு. ஜெப்சன், "பாத்துட்டுச் சொல்றேண்ணா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தான்.

ஹெட்போனை மாட்டி, அசல் ரெக்கார்டிங்கைத் திறந்தான். நேரம் இரண்டு பத்து. கனமான மூன்று அடி. ஒரு மூச்சு. அப்புறம் இரண்டு, மெலிதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். அதன் பின் மோட்டார் உறுமி எழுந்தது. ஜெப்சன் ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் எறிந்தான். "ஐயோ, கர்த்தாவே" என்று வாய்விட்டுச் சொன்னான். ஒரு மனுஷன், 'நான் உள்ளே இருக்கிறேன்' என்று சொன்னதற்கு ஊரே தாளம் போட்டிருக்கிறது! அதற்குத்தான் டைரக்டர் இவனைக் கட்டிப் பிடித்தார். எறிந்த பிறகும் ஹெட்போனிலிருந்து மோட்டார் சத்தம் கொசுபோல வந்துகொண்டிருந்தது.

சரி, ஐயாக்கண்ணு பதில் சொல்லியிருக்கிறான். பின்னே குழந்தைவேலுக்கு ஏன் கேட்கவில்லை? கேட்டும் போட்டாரா? அந்த மனுஷரா? சீச்சீ.

அப்போதுதான் சாக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் பல்ப்பர் இரைச்சல், டிரம் வேறு மணி மாதிரி அதிர்கிறது, சுத்தமான ஒலி வரவில்லை என்று ஜெப்சன்தான் நனைத்த கோணிச் சாக்குகளை டிரம்மைச் சுற்றிக் கட்டச் சொன்னான். கட்டியது ஐயாக்கண்ணு. "மிசினுக்குக் குளுருதுங்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே கட்டினான். அந்த அதிர்வுதானே இரண்டு தட்டை வெளியே கொண்டுவர வேண்டும்? அதை ஈரச் சாக்கு விழுங்கிவிட்டது. இரும்போடு ஒட்டியிருந்த மைக்குக்கு மட்டும் கேட்டது. சாக்கு அப்படிச் செய்யும் என்பது எஸ்டேட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது. ஜெப்சனுக்குத் தெரியும், அவன் தொழிலே அதுதான்.

அப்புறம் அவன் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த இரண்டு தட்டையும், பின்னால் வந்த உறுமலையும் வெட்டி எடுத்தான். அரை நிமிஷ வேலை. மூன்று தட்டு இருக்கிறது, பதில் இல்லை. குழந்தைவேல் சொன்னது நிரூபணம் ஆகும், யார் மேலும் பழி இல்லை. தன் மேலும் இல்லை. எல்லாருக்கும் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு அதைப் போனில் ஏற்றி, காலையில் நேரில் வருவதாகக் குழந்தைவேலுக்குச் சொன்னான்.

மறுநாள் காலை அடிவாரம் தாண்டும்போதே பனி இறங்கியிருந்தது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து ஏறி, நாகலூர் எஸ்டேட்டுக்குப் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தான். பல்ப்பர் கொட்டகையில் குழந்தைவேல் வேட்டியை இறக்கிவிட்டு நின்றார். தள்ளி, தூணோரம் முத்தாயி. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சொல்லி அனுப்பி வந்திருந்தாள். அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொட்டகைக்குள்ளும் பனி புகுந்திருந்தது. டிரம்மின் பாதி உடம்புதான் தெரிந்தது.

ஜெப்சன் போனில் ஓட விட்டான். டொம், டொம், டொம். முடிந்தது.

குழந்தைவேல் முகத்தை மூடிக்கொண்டார். "கேட்டியா கண்ணு, தட்டியிருக்கேன், கேட்டியா" என்றார்.

முத்தாயி, "அப்புறம்?" என்றாள்.

"அவ்வளவுதான்க்கா. பதில் எதுவும் இல்ல."

"மறுக்காப் போடுங்க."

போட்டான். அவள் கேட்டுவிட்டு, சுவரோரம் கிடந்த ஸ்பேனரை எடுத்தாள். டிரம்மின் மேல் இரண்டு தட்டு தட்டினாள். இரும்பு வெகு நேரம் அதிர்ந்து ஓய்ந்தது.

"இதெங்கீங்க சார்? இத எங்க போட்டீங்க?" என்றாள். "நாகலூர்க் கடையில, பஸ்ஸுல, எங்க போனாலும் உங்க பாட்டுத்தான் ஓடுது. மூணு, அப்புறம் ரெண்டு. ஊட்டுக் கதவ நான் மூணு தட்டுனா, உள்ளருந்து ரெண்டு தட்டிப்போட்டுத்தான் தொறப்பாரு. வெளையாட்டு. பதினேழு வருசம் கேட்டது எனக்குத் தெரியாதுங்களா? கடையில நின்னுட்டே அழுதேன். பேய்ப் பாட்டுக்குப் பயந்து அழுகறாள்னு சிரிச்சாங்க."

அவள் குழந்தைவேல் பக்கம் திரும்பினாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவரு பதில் சொல்லியிருக்காரு. கேட்டுக்கிட்டேதான் போட்டீங்களா?"

குழந்தைவேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கேக்கலியே அம்மணி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நேற்று வரை தட்டாமல் போட்ட கவனக்குறைவுக்காரர், இப்போது கேட்டும் போட்ட கொலைகாரர். ஜெப்சன் வந்து காப்பாற்றிய லட்சணம் இது.

"அவர் மேல தப்பில்லக்கா" என்றான். "சாக்கு நாந்தான் கட்டச் சொன்னேன். ஈரச் சாக்கு சத்தத்தக் குடிச்சிரும். அவருக்குக் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. அந்த ரெண்டு தட்டையும் நாந்தான் நேத்து வெட்டி எடுத்தேன். எனக்குப் பயமாயிருச்சு."

முத்தாயி கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் மூலையைக் கைகாட்டினாள்.

"சாக்கு இன்னும் அந்த மூலையிலதான் கெடக்குது" என்றாள். "நனைச்சுக் கட்டுங்க. உள்ள போயித் தட்டுங்க. கேக்குதா இல்லையான்னு நானே பாத்துக்கறேன்."

அன்று போலவே சாக்குகளைக் கட்டினான். குழந்தைவேல் பல்ப்பரை வெறுமனே ஓட விட்டார், அந்த இரைச்சலும் வேண்டுமே. ஜெப்சன் சின்ன ஸ்பேனர் ஒன்றோடு சுவரோரம் நுழைந்து, கதவு வழியாக உள்ளே ஊர்ந்தான்.

உள்ளே காய்ந்த காபித் தோலின் புளித்த வாடை. கதவு வழியே வந்த வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் எட்டவில்லை. கையால் துழாவினான். சொரசொரப்பான இரும்பில் ஓர் இடம் மட்டும் குழிந்து, வழவழவென்று இருந்தது. என்னவென்று புரிந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். வருஷக்கணக்காக இரண்டு இரண்டாகத் தட்டித் தேய்ந்த இடம்.

டொம், டொம், டொம்.

தலைக்குள்ளேயே இடித்தது. அவன் போட்ட இசை எதுவும் இதன் கால்தூசி பெறாது. அந்தக் குழியில் இரண்டு தட்டினான். வெளியே பதில் இல்லை. பல்ப்பர்தான் இரைந்துகொண்டிருந்தது. பியூஸைப் பற்றிக் கேட்காமல் உள்ளே வந்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. இன்னும் குழந்தைவேல் பையில்தான் இருக்கிறதா? மாட்டிவிட்டிருந்தால்?

மறுபடியும் மூன்று.

இரண்டு தட்டினான். இன்னும் இரண்டு. கை வலிக்க வலிக்க இரண்டு இரண்டாக அடித்தான். "அக்கா, இருக்கேன்க்கா! உள்ள இருக்கேன்!" என்று கத்தினான். கத்தியது அவன் காதிலேயே வந்து விழுந்தது. வெளியே யாரும் இல்லாதது போல இருந்தது.

அப்போது சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. டக்.

ஜெப்சன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். காலடியில் இரும்பு நகரப்போகிறது என்று உடம்பு முழுக்கக் காத்திருந்தது. நகரவில்லை. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தானோ தெரியாது. கதவைத் தேடி ஊர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

முத்தாயியின் வலது கை இன்னும் சுவிட்சின் மேல் இருந்தது. இடது கையில் வெள்ளைப் பீங்கான் பியூஸ். குழந்தைவேலிடமிருந்து வாங்கி வைத்திருந்தாள்.

"தட்டுனீங்களா சார்?" என்று கேட்டாள்.

"தட்டுனேன்க்கா. கத்துனேன்."

அவள் தலையை ஆட்டினாள். பல்ப்பரை நிறுத்திவிட்டு, குழந்தைவேல் எதிரில் வந்து நின்றாள்.

"ஒண்ணுமே கேக்கலீங்கண்ணா. பதில் வரல, போட்டுட்டேன். நானா இருந்தாலும் போட்டிருப்பனுங்க."

அவர் ஓவென்று அழுதார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷர், சின்னப் பிள்ளை மாதிரி. அவளும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "எந்திரிங்க. ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

இரண்டு பேரும் கொட்டகை வாசல் வரை போனார்கள். பனி அவர்களை முழுங்குமுன் முத்தாயி மட்டும் திரும்பி வந்தாள். ஜெப்சனின் சட்டைப் பையை விரலால் விரித்து, பியூஸை உள்ளே போட்டாள்.

"அண்ணன் ஏழு மாசம் வெச்சிருந்தாரு" என்றாள். "இனி இத நீங்க வெச்சுக்குங்க."