பின்னணி இரைச்சல்

மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஊரார் ஏறி இறங்க வழி செய்துவிட்டு, தன் வீட்டுக்கு மூன்று மாடி படியேறித்தான் போக வேண்டும். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. திங்கட்கிழமை சாயங்காலம் மேலே வந்து சேர்ந்தபோது நாக்கு தள்ளிவிட்டது. சட்டையைக்கூட மாற்றாமல் ஹாலில் லேப்டாப்பைத் திறந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு அமெச்சூர் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக எங்கெங்கோ இருப்பவர்களோடு ரேடியோவில் பேசுவது. பரீட்சை எழுதி முறையாக லைசென்ஸ் வாங்கியவர். மொட்டை மாடியில் ஆன்டெனா வைக்கவே கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால், இன்டர்நெட் வழியாக ரேடியோக்காரர்களை இணைக்கிற ஒரு சாஃப்ட்வேரில் தஞ்சம் புகுந்திருந்தார். தினமும் ஏழு மணிக்குப் பன்னிரண்டு பேர் அதில் கூடுவார்கள். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ரிட்டயரான ஒருவர் ஆஜர் எடுப்பார், ஒவ்வொருவராகப் பேசச் சொல்வார், குற்றம் கண்டுபிடிப்பார். அவரை எல்லோரும் கப்பல்காரர் என்பார்கள்.

"உங்க குரல் வருது. ஆனா பின்னாடி ஒரு இரைச்சலும் கூடவே வருது. முணமுணன்னு. ஃபேனா இருக்கும், பாருங்க," என்றார் கப்பல்காரர் அன்றைக்கு. "ஞாயித்துக்கிழமை கூட்டத்தை உங்களை நடத்தச் சொல்லியிருக்கேன். வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. மெக்கானிக்குக்குக் கை காலே ஓடவில்லை.

அதே வியாழக்கிழமைதான் அவர் மனைவிக்கும் கெடு. அவள் வேலை பார்த்த தையல் கம்பெனி, பஸ்ஸில் ஆறு மணி நேரம் போக வேண்டிய இன்னொரு ஊருக்கு மாறிக்கொண்டிருந்தது. கூட வர விருப்பப்படுகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இரண்டு வருஷம் அங்கேதான், கம்பெனி கொடுக்கிற அறையில். போடாதவர்களுக்கு வேலை இல்லை. "நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று போன வாரத்திலேயே மூன்று தடவை அவரிடம் கேட்டுவிட்டாள். மூன்று தடவையும் ஒரே பதில்தான் வந்தது: "பார்க்கலாம்."

களைத்துப்போன ஆளுக்குக் கொட்டாவி வருகிற மாதிரி அவருக்கு இந்தப் 'பார்க்கலாம்' வரும். கெட்ட எண்ணமெல்லாம் ஒன்றும் கிடையாது. யோசிக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். ஆனால் மைக்கைப் பற்றி யோசிக்க மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த சாஃப்ட்வேரில் ஒரு சோதனை எண் உண்டு. அதைக் கூப்பிட்டுப் பத்து நொடி பேசினால், பேசியதை அப்படியே நமக்குத் திருப்பிக் கேட்கவைக்கும். மெக்கானிக் ஃபேனை நிறுத்தினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. கேட்குதா?" என்றார். திரும்பி வந்த குரலின் அடியில் அந்த முணமுணப்பு அப்படியே இருந்தது. லிஃப்ட் மோட்டார்களின் பக்கத்திலேயே இருந்து காது பாதி போய்விட்டது. மிச்சப் பாதியைக் காப்பாற்ற ஹெட்போன் சத்தத்தைக் கால்வாசிக்கு மேல் வைக்கமாட்டார். அதனால் அது இரைச்சல் என்று தெரிந்ததே தவிர, என்ன இரைச்சல் என்று பிடிபடவில்லை. ஒவ்வொரு சோதனையையும் ரெக்கார்ட் செய்து, கிழமை போட்டு வைத்தார். வீட்டுக் காரியங்களில் இந்த ஒழுங்கில் கால்வாசி இருந்தாலும் போதும்.

செவ்வாய்க்கிழமை ஃப்ரிட்ஜை நிறுத்திப் பார்த்தார். புதன்கிழமை லேப்டாப்புக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, மைக்குக்கு ஸ்பாஞ்சில் குல்லாய் போட்டார். முணமுணப்பு அசையவில்லை. உண்மையில் மைக் பூஸ்ட் என்ற செட்டிங்கை அவர் உச்சத்தில் வைத்திருந்தார். அதைக் குறைத்தாலே பாதி போய்விடும். ஆனால் குறைத்தால் நிமிர்ந்து உட்கார்ந்து உரக்கப் பேச வேண்டும். பகல் முழுக்க லிஃப்ட் குழிக்குள் இருந்து மேலே கத்திவிட்டு வருகிறவருக்கு அதற்கு ஏது சக்தி? வாய்க்குள்ளேயே பேசுவார், மைக்தான் அதைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்று நாளும் மனைவி அவர் நாற்காலிக்குப் பின்னால் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே துணிகளைச் சரிபார்த்துவிட்டு வருகிறவள், வந்ததும் அங்கே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்வாள். அவளுக்கு அவர் முதுகு தெரியும். அவருக்குத் திரை தெரியும்.

வியாழக்கிழமை ஒரு முடிவோடு இறங்கினார். கப்பல்காரரைப் போனில் பிடித்து, அவர் சொன்ன மைக் ஒயரையே மத்தியானம் போய் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் மாட்டினார். ஏழு மணிக்குத் தன் முறை வந்ததும் பட்டனை அழுத்திப் பேசினார்.

"அடேங்கப்பா!" என்றார் கப்பல்காரர். "கண்ணாடி மாதிரி இருக்கே! எள்ளளவு இரைச்சல் இல்லை. ஞாயித்துக்கிழமை நீங்கதான்."

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. புது ஒயரின் மகிமையைத் தானே ஒரு தடவை கேட்டு அனுபவிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. பழைய ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்? காது போனால் போகிறது என்று ஹெட்போன் சத்தத்தை முதல் தடவையாக முழுக்க ஏற்றி, திங்கட்கிழமையைப் போட்டார்.

'ஒண்ணு, ரெண்டு, மூணு. கேட்குதா?' என்று அவர் குரல் இடி மாதிரி கேட்டது. அதன் அடியில், தெளிவாக, அவள்: 'இருன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, வாயிலருந்து முத்தா உதிர்ந்துடும்? எனக்கென்ன போகணும்னு ஆசையா?'

செவ்வாய்க்கிழமையைப் போட்டார். 'ஃப்ரிட்ஜை நிறுத்தியாச்சு, இப்ப எப்படி இருக்கு?' என்று அவர் கேட்டுக்கொண்டிருக்க, அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: 'அங்க யாரைத் தெரியும் எனக்கு? புது இடத்துல தனியாப் படுத்தா எனக்குத் தூக்கமே வராதே.'

புதன்கிழமை அவர் குரல் கொஞ்சம்தான் இருந்தது, மிச்சமெல்லாம் அவள்: 'இவருக்கு நான் இருந்தாலும் ஒண்ணு, போனாலும் ஒண்ணு. சரி. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட வேண்டியதுதான்.'

இரைச்சல் நின்றது ஒயரால் இல்லை. அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். திரும்பிப் பார்த்தார். கட்டில் காலியாக இருந்தது.

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளறைக்குப் போனார். அவள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பெரிய போர்வையைத் தனியாக மடிக்க முடியாமல் போராடிக்கொண்டிருந்தாள்.

"போகாதே," என்றார். "இங்கேயே இரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு என்ன திடீர்னு?"

"நீதான் சொன்னே. திங்கக்கிழமை. பின்னாடி உக்காந்து பேசினதெல்லாம் ரெக்கார்ட் ஆகியிருக்கு."

"ஐயையோ! அந்தப் பன்னெண்டு பேரும் கேட்டாங்களா?"

"வார்த்தை புரியல அவங்களுக்கு. ஃபேன் சத்தம்னு நினைச்சுட்டாங்க."

"நீங்க?"

"நானும்தான்."

அவள் சிரித்தாள். தெம்பில்லாத சிரிப்பு, பாதியிலேயே நின்றுவிட்டது. "பதினெட்டு வருஷம் ஃபேனோட குடித்தனம் பண்ணியிருக்கீங்க," என்றாள். பிறகு போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "கையெழுத்துப் போட்டாச்சுங்க. காலைல பத்து மணிக்கு. பேனாவைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். நீங்க ஒரு போன் பண்ணுவீங்களோன்னு."

"மாத்திக் குடுக்க முடியாதா?"

"ரெண்டு வருஷத்துக்குன்னு எழுதிக் குடுத்தாச்சு, இனிமே மாத்த முடியாதாம். இங்க வேலையும் போயாச்சு. திங்கக்கிழமை பஸ்."

காலை பத்து மணிக்கு அவர் கையில் போன் இருந்தது. எந்த ஒயர் நல்லது என்று கப்பல்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஹாலில் மேஜைமேல் முழுச் சத்தத்தோடு கிடந்த ஹெட்போனிலிருந்து கப்பல்காரர் இவரைக் கூப்பிடுவது கேட்டது. மெக்கானிக் போகவில்லை. குனிந்து போர்வையின் மறுமுனையைப் பிடித்தார். அவள் எழுந்து தன் முனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சேர்த்து மடித்துப் பெட்டியில் வைத்தார்கள்.