ஆண் ஏழு

என் கணவர் லிப்ராதோ அதிகம் பேசாதவர். ஜூனில் அவரை அடக்கம் செய்த அன்று வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். "தங்கமான மனுஷன், பசிலியா. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு." நானும் தலையாட்டினேன். பதின்மூன்று வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

அசுன்சியோனில் ஒரு பல்கலைக்கழகத்தின் பேச்சொலி ஆய்வகத்தில் நான் ஒலிப்பதிவு உதவியாளர். எங்கள் குவாரனி மொழியின் உயிரொலிகளை அளப்பதுதான் அங்கே வேலை. உயிரொலி ஆறு, அவையே மூக்கால் ஒலித்தால் இன்னும் ஆறு. ஆறாவதாக ஒன்று இருக்கிறது, உதட்டைக் குவிக்காமல் நாக்கைப் பின்னுக்கு இழுத்துச் சொல்வது. வெளியூர்க்காரன் தலைகீழாக நின்றாலும் அது அவனுக்கு வராது. எங்களுக்கோ அந்த ஓர் ஒலியே முழு வார்த்தை. தண்ணீர் என்று அர்த்தம்.

1984இல் பதிவுக்கு ஆண் குரல் ஒன்று குறைந்தது. ஆற்றுத்துறையில் படகு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த லிப்ராதோவைப் பிடித்து வந்தேன். பதிவேட்டில் அவர் பெயர் 'ஆண் ஏழு'. எல்லா வார்த்தையையும் ஒரே வாக்கியத்துக்குள் வைத்துப் படிக்க வேண்டும்: "தண்ணின்னு மறுபடி சொல்லு", "கல்லுன்னு மறுபடி சொல்லு", இப்படி. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருந்தால்தான் அளவு சரியாக வரும். அடுத்த வருஷம் அவரையே கட்டிக்கொண்டேன்.

பதிவு முடிந்ததும் ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டுவேன். இருமல், சிரிப்பு, நாற்காலிச் சத்தம், வாக்கியம் எல்லாம் குப்பைக்குப் போகும். உயிரொலியின் நடுத்துண்டை மட்டும் ஒட்டி வைப்பேன். ஆய்வகத்திலேயே சுத்தமான கை என்று எனக்குப் பெயர். அதில் எனக்குத் திமிரும் உண்டு.

இந்தத் திங்கட்கிழமை எங்கள் புது இயக்குநர் நிமியா கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா, கம்ப்யூட்டர் வருது. பழைய நாடாவெல்லாம் வெள்ளிக்கெழம குப்ப லாரில போயிரும். ஒங்களுக்கு ஏதாச்சும் வேணும்னா எடுத்துக்கோங்க."

எனக்கு வேண்டியது ஒன்றுதான். வீட்டில் அவர் போட்டோ நான்கு இருக்கின்றன, குரல் எதிலும் இல்லை. ஐந்து மாதத்தில் அது என் காதிலிருந்து நழுவத் தொடங்கியிருந்தது. நூறு பேர் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன், சொந்தப் புருஷன் குரல் நினைவுக்கு வரவில்லை. பயந்துபோனேன்.

மதியம் எல்லோரும் படுத்திருக்கும் நேரத்தில் அலமாரி அலமாரியாகத் தேடினேன். புதன்கிழமை 'ஆண் ஏழு' பெட்டி கிடைத்தது. ஓடவிட்டேன். ஆ. ஆ. ஆ. ஈ. ஈ. ஒவ்வொன்றும் கண் இமைக்கிற நேரம். எழுபத்திரண்டு துண்டுகள், எவனுடையதாகவும் இருக்கலாம்.

வாசலில் நிமியா நின்றிருந்தாள். "யாரு அக்கா அது?"

"என் வீட்டுக்காரரு."

"முழுசா ஒண்ணுகூட இல்லையா?"

"எல்லாத்தையும் நான்தான் குப்பையில போட்டேன். அவ்வளவு நல்லா வேல செஞ்சிருக்கேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒத்திகை நாடா இருக்குமே. அத யாரும் அளக்க மாட்டாங்க, வெட்டவும் மாட்டாங்க."

வியாழக்கிழமை, அடித்தட்டில், கரப்பான் அரித்த அட்டைக்குள் அது இருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஓடவிட்டேன். நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு அவர்.

"ஏங்க அம்மணி, இந்த ரூமுக்கு ஜன்னலே கெடையாதா? அடுப்புல வச்ச ரொட்டியாட்டம் வேகுறேன். தண்ணின்னதும் ஞாபகம் வருது, எங்க சித்தி ஒருத்தி கோழிகிட்டகூட தண்ணி வேணுமான்னு கேட்டுத்தான் ஊத்துவா. ஒரு நாள் பாருங்க, அந்தக் கோழி..."

"எழுதியிருக்கறத மட்டும் படிங்க. நாடா வீணாகுது."

அந்த இரண்டாவது குரல் என்னுடையது.

நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. பிறகு "சரிங்க" என்றார்.

அந்தச் 'சரிங்க' எனக்கு நன்றாகத் தெரியும். சாப்பிடும்போது அவர் ஏதாவது ஆரம்பிப்பார், நான் "சுருக்கமா சொல்லுங்க" என்பேன். "ஒண்ணுமில்ல, சரி" என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். எத்தனை தடவை என்று நான் எண்ணியதில்லை. பேசாத மனுஷன் என்று ஊரே சொன்னபோது தலையாட்டியவள் நான். அந்தக் கோழி என்ன செய்தது என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

நாடாவில் அவர் படிக்கத் தொடங்கினார். ஒரு சிரிப்பு இல்லை, ஓர் இருமல்கூட இல்லை. எழுதியிருந்ததை மட்டும் படித்தார்.

"தண்ணின்னு மறுபடி சொல்லு."

சொன்னேன்.

"கல்லுன்னு மறுபடி சொல்லு."

அதையும் சொன்னேன். நாற்பது வாக்கியங்கள். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனால் நாடா தீரும்வரை அவர் பேச்சுக்குக் குறுக்கே போகவில்லை.