எல்லாமே அவசரம்

மருந்துக் கிடங்கிலிருந்து பெட்டிகளை அனுப்பிவைக்கும் பொறுப்பு அவளுடையது. லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் அவசர அக்கா. பின்னே? தலைவலி மாத்திரைப் பெட்டிக்கும் 'அவசரம்' என்று சிவப்பு முத்திரை குத்தி, நான்கு மணிக்குச் சேரவேண்டியதை இரண்டு மணி என்று எழுதினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? விரட்டாவிட்டால் ஒருத்தனும் அசையமாட்டான் என்பது அவள் கட்சி.

அன்று மதியம் இரண்டரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா அழைத்தாள். பல் பிடுங்கிய இடத்தில் தம்பிக்கு ரத்தம் நிற்கவில்லை. பிறந்ததிலிருந்தே அவனுக்கு ரத்தம் சரியாக உறையாது. உறையவைக்கும் ஊசிமருந்து அங்கே தீர்ந்துபோயிருந்தது. காலையில் இவளே லாரி ஷெட்டுக்கு அனுப்பிய பன்னிரண்டு பெட்டிகளில், அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒன்றில் அது இருந்தது.

லாரி உரிமையாளருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரிப் பெட்டி எங்க? ரொம்ப அவசரம்."

"வண்டி பாலம் தாண்டிடுச்சு தங்கச்சி. பன்னிரண்டுலயும்தான் அவசரம்னு குத்தியிருக்கு. வரிசைப்படி போகும்."

மானம் போனால் போகட்டும்.

"அண்ணே, அத்தனையும் பொய். பதினொண்ணு நாளைக்குப் போனாலும் போதும். இந்த ஒண்ணுதான் நெஜம். என் தம்பிக்கு."

அவர் குரல் இறங்கியது.

"நானும் பொய்தான் சொன்னேன். நீங்க எழுதுற நேரத்தோட ரெண்டு மணி நேரம் சேத்துத்தான் நாங்க கணக்குப் போடுவோம். வண்டி இன்னும் ஷெட்டுலதான் நிக்குது. இருங்க, நானே பைக்ல எடுத்துட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு அவளுக்குக் கடிகாரத்தைப் பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம். போன் அடித்துவிடுமோ என்று நடுங்கினாள், அடிக்கவில்லையே என்றும் நடுங்கினாள்.

மூன்றேகாலுக்கு அவர்தான் அழைத்தார்.

"ஊசி போட்டாச்சு தங்கச்சி. ரத்தம் நின்னுக்கிட்டு வருதாம்."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"கீழ கவுண்டர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? 'அந்த மூலையில வெச்சுட்டுப் போங்க, உங்க கிடங்குலேருந்து எல்லாமே அவசரம்னுதான் வரும், சாயங்காலம் பிரிச்சுக்கிறோம்'னாங்க. நான் வைக்கல. மாடிக்கே கொண்டுபோய் நர்ஸ் கையில குடுத்தேன்."

நன்றி சொல்லிப் போனை வைத்தாள். இந்த வேலைக்கு வந்து மூன்று வருஷம். அந்த மூலையில் சாயங்காலம்வரை கிடந்த பெட்டிகளில் எதெது யார் யாருடைய தம்பிக்குப் போனது என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.