மதியக் கஞ்சி

காலையில் நாலு மடக்கு இறங்கிய கஞ்சி மதியம் ஏன் இறங்க மறுக்கிறது என்பது முத்துத்தாய்க்கு விளங்கவில்லை. இரண்டும் ஒரே பானையில் மொண்டதுதான்.

அதில் உப்பு இல்லை. மிளகாய் அந்தப் பக்கமே வரவில்லை. இரவு ஊற வைத்த சோற்றைப் பிழிந்து வடிகட்டிய வெறும் நீராகாரம். பானையை ஈர மணலில் வைத்திருந்ததால் தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஆனாலும் மதியம் முதல் மடக்கிலேயே அவள் புருஷன் கருத்தக்கண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவான்.

புகையிலை அடக்கும் பக்கக் கன்னத்தில் வந்த புற்றுக்காக மதராஸ் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கதிர்ச் சிகிச்சையில் பாதி வைத்திருந்தார்கள். அவர்கள் ஊரான வண்டியூரில் அதைக் 'கரண்டு வச்சது' என்றார்கள். வேகமாகப் பெருகும் எதையும் கதிர் அழிக்கும். புற்று அப்படிப் பெருகுவது. வாயின் உள்தோலும் அப்படித்தான். தேயத் தேயப் புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த வளர்ச்சி நின்றுபோனதால் பழைய தோல் உரிந்து, அடியில் சிவந்த சதை தெரிந்தது. எச்சிலும் வற்றிவிட்டது. எச்சில் இருந்தால் வாய்க்குள் வருவதை நீர்க்கச் செய்து, உறைப்பைக் குறைக்கும். இப்போது எல்லாம் நேரே புண்ணில் பட்டது.

"உடம்பு தேறி வந்தால் சித்திரையில் மீதியை வைக்கலாம். இளைத்து வந்தால் தாங்க மாட்டார்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மீதியை வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று முத்துத்தாய் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. பங்குனி பாதி போய்விட்டது. அவனுடைய அரைஞாண் கயிற்றை அவள் ஏற்கெனவே இறுக்கி முடிந்திருந்தாள். அது மறுபடியும் தளர்ந்து இடுப்பெலும்பில் தொங்கியது.

"கரண்டுச் சூடு உள்ளயே நிக்கிதுடி. வெயில் ஏற ஏற அதுவும் ஏறுது" என்றாள் அவனுடைய அக்காள் ஒச்சாயி. "நல்லாக் குளிரக் குளிர நீராகாரத்தக் குடு."

"அம்புட்டும் குடுத்துத்தான பாக்குறேன் மதினி."

"அப்ப நோவு தொண்டைக்குள்ள எறங்கிருச்சு." ஒச்சாயி குரலைத் தாழ்த்தினாள், இருந்தும் எல்லோருக்கும் கேட்டது. "மேலூர்ல எங்க சின்ன மாமனுக்கும் இப்பிடித்தான். கடைசியில தண்ணிகூட எறங்கல."

கருத்தக்கண்ணன் விரலை ஆட்டி மனைவியைக் கூப்பிட்டான். உதடு அசையாமல், "பாடைக்கு மூங்கி வெட்டியாச்சானு கேளு புள்ள" என்றான்.

"வாயி வெந்தும் கொழுப்பு வேகலையே ஒனக்கு!" என்று ஒச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டே வைதாள்.

அவன் சிரிக்கப் போய், வலியில் முகத்தைச் சுளித்தான்.

கொப்பளிப்பதற்கு ஆஸ்பத்திரியில் சோடா உப்பு கொடுத்திருந்தார்கள். ஆப்ப மாவில் போடுகிற அதே தூள். முத்துத்தாய் அதை அள்ளும்போது கை தவறி, ஒரு கரண்டித் தூள் பக்கத்தில் இருந்த கஞ்சிக் கும்பாவில் கொட்டிவிட்டது.

கஞ்சி சீறியது. விளிம்பு வரை வெள்ளையாக நுரை எழுந்தது.

ஒச்சாயி பின்னால் நகர்ந்தாள். "ஆத்தி! என்னத்தடி கலந்து வச்சிருக்க?"

"நான் என்னத்தக் கலக்கப் போறேன்?"

"பானையத் தொட்டவ நீ ஒருத்திதான?"

முத்துத்தாய் புருஷனைப் பார்த்தாள். அவன் கும்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஒரு செம்பில் பச்சைத் தண்ணீர் எடுத்துத் தூளைப் போட்டாள். சத்தமில்லாமல் கரைந்தது. ஆக, தூளில் குற்றமில்லை. அடுத்து ஆப்ப மாவு நினைவுக்கு வந்தது. புளித்த மாவில் போட்டால்தானே அது பொங்கும்? கொஞ்சம் புளியைக் கரைத்து, அதில் போட்டாள். கஞ்சி சீறியது போலவே சீறியது.

"மதினி, இங்க வாங்க. வெசமில்ல, புளிப்பு!"

ஊறும் சோற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வளர்ந்து புளிப்பை உண்டாக்குகின்றன. காலையில் அது லேசாக இருக்கும். பங்குனி வெயிலில் உச்சிப் பொழுதுக்குள் ஏறிவிடும்; ஈர மணல் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது. பிறந்தது முதல் நீராகாரம் குடித்தவர்களுக்கு அது புளிப்பாகவே படாது, கஞ்சியின் ருசியாகத்தான் படும். சூட்டுக்குக் குளிர்ச்சி என்று அவர்கள் கொடுத்தது, தோலில்லாத வாயில் புளியை ஊற்றியது போல ஆகியிருந்தது.

முத்துத்தாய் அடுப்பை மூட்டிக் அரிசிக் குருணையைக் குழைய வேக வைத்து, மசித்து, வடிகட்டி ஆற்றினாள். கருத்தக்கண்ணன் கும்பாவை வாங்கத் தயங்கினான். அவள் முதலில் தான் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள். பிறகு அவன் குடித்தான். கண்ணை மூடினான். இரண்டு பெண்களும் அவன் தொண்டையையே பார்த்தார்கள். அது ஏறி இறங்கியது. மறுபடியும் இறங்கியது.

"எரியுதா?"

"எரியத்தான் செய்யிது." காலிக் கும்பாவை நீட்டினான். "இம்புட்டுத்தானா?"

ஒச்சாயி பானையைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தாள்.

சித்திரைக்கு அதிக நாள் இல்லை. புண் ஆறவில்லை, கயிறும் தளர்ந்துதான் கிடந்தது. ஆனால் அன்று முதல் மதியமும் கஞ்சி இறங்கியது. அவர்கள் செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் குருணைக் கஞ்சி காய்ச்சி, சூடு போக ஆற்றி, அப்போதே கொடுத்தார்கள்; மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்கவில்லை; குடிக்கும் முன்னும் பின்னும், கொதித்து ஆறிய தண்ணீரில் சிட்டிகை சோடா உப்பைக் கரைத்து, அவனை மெல்லக் கொப்பளித்துத் துப்பச் செய்தார்கள்.