எம்பயர் பைனான்ஸ் சம்பந்தம்

இலுப்பூரில் எதிர்வீட்டு வாசலில் லாரி வந்து நின்றால் பரிமளாவுக்கு அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது. லண்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆத்மநாதனின் சாமான்கள் அன்று இறங்கின. அட்டைப்பெட்டிகளில் இருந்த ஆங்கிலத்தை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். எம்பயர் அண்ட் பைனான்ஸ் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றையும் இரண்டு ஆள் தூக்கினார்கள்.

சாயங்காலத்துக்குள் தெருவே அறிந்துகொண்டது. "பைனான்ஸ் வச்சிருக்காருங்க. நாலு பிராஞ்ச்சு."

நம் பக்கம் பைனான்ஸ் என்றால் பைக்குக்குக் கடன் கொடுப்பதும், தவணை தப்பினால் பைக்கைத் தூக்கிப்போவதும்தான். லண்டன் பைனான்ஸ் கப்பலைத் தூக்குமோ என்னவோ. பரிமளாவின் கவலை அதுவல்ல. அவருக்குக் கல்யாண வயதில் மகன் இருந்தான். சூர்யபிரகாஷ் தினமும் திருச்சிக்கு பஸ் ஏறினான். "தம்பியும் ஒங்க தொழில்தானா அண்ணே?" என்று கேட்டாள். "ஆமாம்மா, அதே வழிதான்" என்றார் அவர்.

புருஷன் துபாயில் இருந்ததால் முடிவெல்லாம் அவள் கையில். மகள் அழகிக்குப் பொன்னமராவதியில் பேசி வைத்திருந்த வாத்தியார் மாப்பிள்ளையை, சம்பளக்காரன் எதற்கு என்று தட்டிக் கழித்துவிட்டு, சூர்யபிரகாஷுக்கே பேசி முடித்தாள்.

நிச்சயத்தன்று கூடம் நிறையச் சொந்தம். தட்டு மாற்றுவதற்கு முன் எல்லார் காதிலும் விழட்டுமே என்று அவளுக்கு ஆசை.

"அண்ணே, ஒங்க எம்பயர் பைனான்ஸ் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

ஆத்மநாதன் முகம் மலர்ந்தது. ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் அதைக் கேட்டதில்லை. "என் வாழ்நாளே அதுலதாம்மா போச்சு. மொதல்ல ரங்கூன், அப்புறம் கொழும்பு, பினாங்கு, கடைசியா லண்டன்."

"நாலும் ஃபாரின்" என்று பரிமளா நாத்தனார் செவந்தியைப் பார்த்தாள்.

"நல்லா ஓடுதுங்களா?" என்றாள் செவந்தி.

"எங்க ஓடுது. மொதலாவது மட்டும் ரெண்டு தடவை அச்சடிச்சாங்க. நாலாவது பெட்டியிலயே கெடக்கு."

"நோட்டா அடிக்கிறீங்க?"

"புஸ்தகம்மா. வெள்ளைக்காரன் ராஜ்ஜியம் நடத்த யாரு கடன் கொடுத்தா, அந்த வட்டியை யாரு தலையில கட்டுனாங்கன்னு எழுதுன வரலாறு. நானும் வாத்தியாரு, எம் மகனும் திருச்சி காலேஜுல வரலாத்து வாத்தியாரு."

பரிமளா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். வாத்தியார். அதுவும் வீட்டுக்கு ரெண்டு.

செவந்தி காதருகே குனிந்தாள். "அண்ணி, பொன்னமராவதி வாத்தியாருக்கு நெலமாச்சும் இருந்துச்சு. நிறுத்திப்புடுவமா?"

நிறுத்தலாம். ஏன் என்று தெரு கேட்குமே. பெட்டியில் எழுதியிருந்ததைத் தப்பாகப் படித்தேன் என்று எந்த வாயால் சொல்வது? யோசனையில் தட்டு சாய்ந்து, வெற்றிலை சரிந்தது.

அழகி வந்து குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். அவள் முகத்தில் அதிர்ச்சியின் சுவடே இல்லை. பரிமளா அவள் கையைப் பிடித்தாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"அவுக சொன்னாக. நீ எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையேம்மா."

"வேற என்னடி சொன்னான் அவன்?"

"கடைசிப் புஸ்தகத்தை மாமாவோட சேந்து தமிழ்ல எழுதுறாக. நானும் டைப் அடிச்சுத் தாரேன்."

பரிமளா தட்டை நிமிர்த்திப் பிடித்தாள். பிறகு செவந்தியின் பக்கம் திரும்பி, கூடத்துக்கே கேட்கும்படி, "வாத்தியாருன்னா சும்மாவா, லண்டன் வாத்தியாருடி" என்று சொல்லிவிட்டு, தட்டை ஆத்மநாதன் கையில் வைத்தாள்.