அத்தான் காருக்கு ஒரு மூடி

மூடியை வேனில் ஏற்றியதிலிருந்து என் ஒரு கை அதன்மேல்தான் இருந்தது. வேனை ஓட்டியது சோபா. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவன் தொழில், அதனால் வந்த பெயர் அது. நான் பின்னால் போர்வைகளுக்கு நடுவே, மூடியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மூடி என்றால் காரின் கூரை. அத்தானுடையது பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். தலைக்கு மேல் மடக்குகிற துணிதான். அந்த மாடலுக்கு ஒரு காலத்தில் ஃபைபரில் கெட்டிக்கூரையும் விற்றார்கள். வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். இப்போது எங்கும் கிடைக்காது. நான் தேடாத இடமில்லை. கடைசியில் யாரோ ஒருவர் அதைத் தன் கோழிக்கூண்டுக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

"அண்ணே, பின்னாடி உயிரோட இருக்கீங்களா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு. பள்ளம் வருது."

"பள்ளம் எங்கண்ணே வருது, நாமதான் அதுகிட்டப் போறோம்."

வேன் குதித்தது. மூடியும் குதித்தது. மூடிக்கு மேலே குறுக்காக ஒரு ராட்செட் பெல்ட் போட்டிருந்தோம். அதன் நெம்புகோலை ஒரு தடவை அழுத்தி இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அடுத்த பள்ளத்தில் இன்னும் கொஞ்சம். வேனுக்குள் வெயில் அடுப்பு மாதிரி இருந்தது.

அத்தானுக்குப் போன மாதம் வலது காதில் ஆபரேஷன். காற்றே படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணிக்கூரை என்றால் நாலு பக்கமும் காற்று. "அப்ப காரை வித்துடலாம்" என்றாள் மருமகள், அதாவது என் அக்கா மகள். இன்று சாயங்காலம் வாங்குகிறவர் வருகிறார். அதற்குள் மூடி சரியாக உட்கார்ந்து, அத்தான் காதில் காற்று படவில்லையென்றால் கார் இருக்கும். இல்லையென்றால் போய்விடும். அப்பாவும் மகளும் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள்.

கார் போனால் எனக்கென்ன என்று கேட்கலாம். அக்கா இறந்தபிறகு அந்த வீட்டுக்குப் போக எனக்கிருந்த ஒரே சாக்கு அந்தக் கார்தான். ஞாயிற்றுக்கிழமை போவேன். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நிற்போம். "அந்த ஸ்பேனரை எடு", "இதில்ல, பெரிசு". எங்கள் பேச்சு அவ்வளவுதான், எனக்கு அது போதும். கார் இல்லாத ஷெட்டில் நானும் அத்தானும் எதைப் பார்த்துக்கொண்டு நிற்போம்? இந்த ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு நுழைய எனக்கு வேறு வீடு கிடையாது.

ஷெட்டு வாசலில் அத்தான் காதில் பஞ்சோடு நின்றிருந்தார். துணிக்கூரையை முன்பே கழற்றி, கீறல் விழாதபடி டிக்கிமேல் பழைய பெட்ஷீட்டை விரித்து வைத்திருந்தார்.

"மெதுவா மாப்ளே. கண்ணாடிப் பக்கம் பிடிக்காத."

நானும் சோபாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி இறக்கினோம். பின்பக்க போல்ட்டுகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. முன்பக்கம்தான் உட்காரவில்லை. முன் கண்ணாடியின் சட்டத்தில் மாட்ட வேண்டிய இரண்டு கொக்கிகளும் ஒரு விரல் தூரத்தில் நின்றன. பக்கவாட்டில் மூடியின் கால்கள் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

"அளந்துட்டுத்தானே வாங்கின?"

"அளந்தேன் அத்தான். கூண்டு மேல இருக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு."

அத்தான் மூடிக்குமேல் பதிந்திருந்த பெல்ட் தடத்தை விரலால் தடவினார். "எப்படிக் கட்டினீங்க இதை?"

"பீரோவைக் கட்டற மாதிரிதான்" என்றான் சோபா. "நான் நாலு அழுத்துதாங்க. மீதியெல்லாம் அண்ணன் கைவேலை. வழியெல்லாம் டிக்கு டிக்குனு சத்தம். கடிகாரம் ஏதோ ஏத்திட்டோமோன்னு நெனச்சேன்."

"பீரோவுக்கு அடிப்பலகை இருக்குடா. இதுக்கு அடியில ஒண்ணுமில்ல, பொக்கை வாய். மேல அமுக்கினா கால் அகலத்தான் செய்யும். வெயில்ல சூடு வேற."

ஆடக்கூடாது என்று இறுக்கிய இறுக்கலே வினையாகிவிட்டது.

மருமகள் போனோடு வெளியே வந்தாள். "வாங்கறவர் கிளம்பிட்டாராம். ஆச்சா, இல்லையா?"

"ஆகிட்டேதான் இருக்கு" என்றேன்.

"நீங்க அப்படிச் சொன்னா ஆகலைன்னு அர்த்தம் மாமா."

பின் போல்ட்டுகளைத் தளர்த்தினோம். நானும் சோபாவும் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து மூடியை உள்பக்கமாக நெருக்கினோம். இனி யாராவது உள்ளே உட்கார்ந்து கொக்கியை இழுத்து மாட்ட வேண்டும். அத்தான் கதவைத் திறந்து குனியப் போனார்.

"அப்பா! குனியக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல? தள்ளுங்க." மருமகளே உள்ளே நுழைந்தாள். "எதை இழுக்கணும்?"

"ரெண்டையும். சேர்த்து இழு."

"இழுத்தா வரலையே! மாமா, சாப்பிட்டீங்களா இல்லையா? நெருக்குங்க."

சோபா முக்கினான். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. ஃபைபர் எங்கோ முனகியது. உடையப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். டக் என்று ஒரு கொக்கி விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

"காருக்கு மூடி மாட்டினீங்களா, பிரசவம் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மருமகள் இறங்கினாள். கையில் கிரீஸ். "ஓட்டிப் பாத்துட்டு வாங்க. காத்து வந்தா வந்துச்சுன்னு சொல்லணும். மாமா, உங்களைத்தான்."

அத்தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் பக்கத்து சீட்டில், அக்கா உட்கார்ந்து வந்த இடத்தில்.

"பஞ்சு இருக்கறதால எனக்குத் தெரியாது. நீ கையை வச்சுப் பாரு."

அவர் தலைக்குப் பின்னால் கையை நீட்டி, வலது காதுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தேன். தெருவில் ஒன்றுமில்லை. பெரிய சாலையில் ஏறினோம். அப்போதும் ஒன்றுமில்லை. எனக்கு மூச்சு வந்தது. வேகம் கூடியதும் ஜன்னலுக்கு மேல் விளிம்பிலிருந்து நூல் மாதிரி ஒரு காற்று வந்து, கைரேகையைத் தேடிப் படிப்பதுபோல் உள்ளங்கையில் ஓடியது.

"வருதா?"

வரவில்லை என்று சொல்லிவிடலாம். சின்னக் காற்றுதான். ஆனால் டாக்டர் சின்னது பெரியது என்று சொல்லவில்லை. ஒரு தடவை சீழ் பிடித்தால் அந்தக் காது அவ்வளவுதான் என்றுதான் சொன்னார். கையை அங்கேயே வைத்திருந்தேன். கை இருக்கும்வரை காற்று காதுக்குப் போகாது. எத்தனை நாளைக்கு இப்படிப் பிடித்துக்கொண்டு வருவது?

"மாப்ளே, வருதான்னு கேட்டேன்."

"வருது அத்தான்."

அவர் காரை ஓரம்கட்டி நிறுத்தினார். முடிந்தது என்று நினைத்தேன். பெல்ட்டைப் பற்றி ஏதாவது திட்டினாலும் தேவலை. அவர் இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"இறங்கு. அந்தப் பக்கம் போ."

"நானா? இதையா?"

"இங்க உட்காந்தா ஆபரேஷன் காது உள்பக்கம் வந்துடுது. நல்ல காது காத்து வாங்கினா வாங்கட்டும்."

இத்தனை வருடத்தில் அந்த ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறேன், பிடித்ததில்லை. க்ளட்ச் எங்கே பிடிக்கிறது என்றே புரியவில்லை. கார் இரண்டு தடவை விக்கியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"அடிக்கட்டும். காசா பணமா" என்றார் அத்தான்.

வீட்டு வாசலில் மருமகளோடு ஒருவர் நின்றிருந்தார். நான் ஊர்ந்து ஊர்ந்து போய் நிறுத்தினேன். மருமகள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"நீங்க ஏம்ப்பா இந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் காத்து. இங்க இல்ல."

"அப்ப யாரு ஓட்டறது?"

"கண்ணு தெரியலையா? உன் மாமன்தான்."

"இன்னைக்கு ஓட்டுவார். நாளைக்கு?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எத்தனை தடவை ஆட்டினேனோ தெரியாது.

வாங்க வந்தவர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப விக்கற யோசனை..."

பதில் சொல்ல வாயைத் திறந்த பதற்றத்தில் க்ளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன். கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது. வந்தவர் நாலடி பின்னால் தாவினார்.

"முதல்ல நியூட்ரலுக்கு வா மாப்ளே" என்றார் அத்தான். "மனுசங்க நிக்கறாங்கல்ல."