புறாக்காரன் சாட்சி

"கை நடுக்கம் குறைஞ்சிருக்கு. வேற ஏதாவது மாற்றம் தெரியுதா?" என்று டாக்டர் விதாத்திடம் கேட்டார். கணவர் ராகிபை எடை பார்க்க நர்ஸ் அழைத்துப் போயிருந்தாள். மகள் லமீஸ்தான் கொட்டித் தீர்த்தாள்.

"எங்க வாப்பா கணக்கு வாத்தியார், டாக்டர். சிரிச்சே பார்த்ததில்ல. இப்ப மொட்டை மாடி முழுக்கப் புறா. சோறும் கிடையாது, தூக்கமும் கிடையாது. இந்த அம்மான் நகரமே எங்களப் பார்த்துச் சிரிக்குது."

சிரிக்காமல் என்ன செய்யும்? புறா விடுகிறவன் பேச்சை அந்த ஊரில் எவரும் நம்புவதில்லை. பக்கத்து மாடிப் புறாவை மடக்கி வைத்துக்கொண்டே, அல்லா மேல் ஆணையாக என்னிடம் இல்லை என்பான். அவன் சாட்சி கோர்ட்டில்கூடச் செல்லாது என்பார்கள். ராகிப் போய் அந்தக் கும்பலில் சேர்வார் என்று யார் கண்டது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் குறைந்ததால் கை நடுங்கியது. அதன் வேலையைச் செய்யத்தான் மாத்திரை. ஆசையைத் தூண்டுவதிலும் அதற்குப் பங்குண்டு. சிலருக்கு அந்த ஆசை கட்டுக்கடங்காமல் போய்விடும். மாத்திரையைக் குறைத்துவிடலாம்.

அத்தனை வருடக் குடித்தனத்தில் "டீ எங்க" என்பதைத் தாண்டாத மனிதர், போன மாதம் விதாத்தை மாடிக்கு அழைத்துப்போய், அவள் கையில் ஒரு வெள்ளைப் புறாவை வைத்து, "பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே எனக்கு உசிரு போச்சு விதாத். சொல்லத்தான் தெரியல" என்றிருந்தார். அதிலிருந்து தினமும் ஏதாவது சொன்னார். அவள் தலைக்கு மருதாணி போட ஆரம்பித்திருந்தாள்.

"அப்போ அவரு பேசினதெல்லாம் மாத்திரை பேசினதா, டாக்டர்?"

"என்ன பேசினாரும்மா?"

லமீஸ் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள் விதாத்.

மாத்திரை குறைந்தது. வசந்தம் வருவதற்குள் ராகிப் பழைய ராகிப் ஆனார். மாடிப் பக்கமே போவதில்லை. புறாக்களை வாங்கிக்கொள்ள லமீஸ் ஓர் ஆளைப் பேசிவிட்டாள். அவன் வெள்ளிக்கிழமை வந்து கூண்டுகளை இறக்கியபோதும் ராகிப் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு வெள்ளைப் பொட்டை இருந்துச்சே ஹாஜியம்மா, எங்க?"

"இல்லையே."

"போன வாரம் விலை பேச வந்தப்பக்கூடப் பார்த்தேனே."

"அல்லா மேல சத்தியமா என்கிட்ட இல்ல" என்றாள் விதாத், அவன் முகத்தைப் பார்த்தே.

அவன் நமட்டுச் சிரிப்புடன் படியிறங்கிப் போனான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் புறா ஒருமுறை குனுகியது. ராகிப் செய்தித்தாளை மெல்லத் தாழ்த்தினார்.